பகலில் எரியும் விளக்கு

2017இல் புதிதாக பைக் வாங்கியவர்களுக்கு இது நினைவிருக்கும். பட்டப்பகலில் புதுக்கோட்டையில் கிளம்பிக் கீரனூர் போய்ச் சேர்வதற்குள், எதிரே வருகிறவர்களில் பத்துப் பேராவது ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். டீக்கடையில் நிறுத்தினால், "அண்ணே, லைட்டு எரியுது பாருங்க" என்று யாராவது சொல்வார்கள். "ஆஃப் பண்ண முடியாதுண்ணே, கம்பெனியிலேயே சுவிட்ச் இல்லாமத்தான் வருது" என்று பதில் சொல்லிச் சொல்லி வண்டிக்காரருக்கு அலுத்துப்போகும். "அப்ப பேட்டரி போயிடாதா?" என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கைச்சைகையை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்தரின் பேட்டரி வீணாகக் கூடாதே என்கிற அக்கறை, அவ்வளவுதான். பகலில் விளக்கு எரிந்தால் அது மறதி என்பதில் ஊருக்கே சந்தேகம் இருந்ததில்லை. ஒரு அரசு அறிவிப்பு அந்த மறதியையே சட்டமாக்கியது. இரண்டு மூன்று வருடங்களில் சைகையும் மறைந்துவிட்டது. இன்று பகலில் எரியும் ஹெட்லைட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த விளக்கு நம்மூர் சாலைக்கு வந்த கதை அரை நூற்றாண்டுக்கு மேல் நீளமானது. டெக்சாஸ், பின்லாந்து, மலேசியா, கோயம்புத்தூர் என்று சுற்றி வந்த கதை. விளக்கு யாருக்காக எரிகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது.

ஒரு டாக்டர் போட்ட வழக்கு

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். சாலை விபத்தில் நொறுங்கி வருகிறவர்களை நாள்தோறும் அறுவை சிகிச்சை மேஜையில் பார்க்கிற துறை அவருடையது. விபத்துகளைத் தடுக்கச் சட்டங்கள் இருந்தும் அவை நடைமுறைக்கு வரவில்லை, நீதிமன்றம் தலையிட வேண்டும் என்பது வழக்கின் சாரம். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெறவிருந்த நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் குழு மத்திய அரசிடம் வலியுறுத்தியவற்றுள் ஒன்றுதான், இருசக்கர வாகனங்களில் தானாக எரியும் முகப்பு விளக்கு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் இதை அறிவித்தது. 2017 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் எல்லா இருசக்கர வாகனங்களிலும் இன்ஜின் ஓடும்போதெல்லாம் விளக்கு எரிய வேண்டும். 'ஆட்டோமேட்டிக் ஹெட்லேம்ப் ஆன்', சுருக்கமாக ஏ.எச்.ஓ. பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது.

அதே ஏப்ரல் 1ஆம் தேதியைத் தமிழ்நாடு வேறொரு காரணத்துக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. பி.எஸ்.3 வண்டிகளை அன்றுமுதல் விற்கக்கூடாது என்று மார்ச் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையிருப்பைத் தள்ளிவிட ஷோரூம்கள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி கொடுத்தன. இரண்டே நாட்களில் கூட்டம் அலைமோதியது. அந்த அமளியில், லைட் சுவிட்ச் உள்ள கடைசி வண்டிகளைத்தான் வாங்குகிறோம் என்பதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

விளக்கு என்றால் இருட்டுக்கு

அதுவரை நம் சட்டத்தில் விளக்கும் இருட்டும் இணைபிரியாதவை. சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து ஏற்று, உதயத்துக்கு அரை மணி முன்புவரை எரியவிடு, வெளிச்சம் போதாத நேரத்திலும் ஏற்று என்பதே மோட்டார் வாகன விதிகளின் மொழி. சைக்கிளுக்கும் இதுதான் நியாயம். லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனால் பிடிக்கும் என்ற பயம் ஒரு தலைமுறைக்கே இருந்தது. டைனமோவை டயரில் சாய்த்து மிதித்தால் வண்டி கனக்கும். இருந்தாலும் போலீஸ் நிற்கிற முக்கு வருவதற்கு முன் டைனமோவைத் தட்டிவிடுவார்கள்.

அதிக வெளிச்சமும் குற்றம்தான். ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டாத வண்டிகளை நிறுத்தி, போலீஸாரே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது என்பதற்காக. பகலில் விளக்குப் போட்டு வந்தால் அது ஆம்புலன்ஸ், இல்லையென்றால் மந்திரி வருகிறார் என்று அர்த்தம். எதிர் லாரி ஒருமுறை 'டிப்' அடித்தால், "நான் வர்றேன், நீ ஒதுங்கு" என்று பொருள். வேறு சில நாடுகளில் அதே மினுக்கலுக்கு, "நீங்கள் முதலில் போங்கள்" என்று பொருள்.

அதாவது நம் சாலையில் விளக்குக்கு ஏற்கெனவே ஒரு பாஷை இருந்தது. இரவில் அது பாதையைக் காட்டும், பகலில் அதிகாரத்தைக் காட்டும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒரு சாதாரண ஆள் சொல்லிக்கொள்வதற்கு அந்தப் பாஷையில் இடமில்லை.

வடக்கே பிறந்த சட்டம்

பகல் விளக்கு என்ற யோசனை முதலில் பிரச்சாரமாகத்தான் கிளம்பியது. 1961இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆளுநர், பகலிலும் விளக்கெரித்து ஓட்டும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அதே பத்தாண்டில் கிரேஹவுண்ட் பஸ் கம்பெனி தன் நெடுந்தூரப் பேருந்துகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. சட்டமாக ஆனது வட ஐரோப்பாவில். பின்லாந்து 1972இல் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் குளிர்காலத்துக்கு மட்டும் கட்டாயமாக்கியது. 1982இல் அதை வருடம் முழுவதற்கும் நீட்டித்தது. ஸ்வீடன் 1977 அக்டோபரில் எல்லா வாகனங்களுக்கும், எல்லாச் சாலைகளிலும் கட்டாயமாக்கியது. பிறகு நார்வே, டென்மார்க். கனடா 1989 டிசம்பரிலிருந்து புதிய வாகனங்களின் தயாரிப்பிலேயே இதைச் சேர்த்தது.

ஏன் எல்லாம் வடக்கு நாடுகள்? அங்கே சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை. குளிர்காலத்தில் அடிவானத்தை ஒட்டியே நகரும். அந்தி மணிக்கணக்கில் நீளும். சாம்பல் வானம், சாம்பல் சாலை, சாம்பல் கார். அங்கே பகல் என்பதே நம்மூர் ஆறரை மணி மாலை மாதிரி. அந்த வெளிச்சத்தில் ஒரு விளக்கு பளிச்சென்று தெரியும்.

ஆனால் இது உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா என்பதில் சண்டை ஓயவில்லை. ஸ்வீடன் சட்டத்துக்குப் பிறகு, பகலில் இரண்டு வாகனங்கள் மோதும் விபத்துகள் சுமார் 11 சதவீதம் குறைந்தன என்று 1981இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். கணக்குப் போட்ட முறையே சரியில்லை, அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்று 1995இல் டச்சு ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். ஆஸ்திரியா 2005 நவம்பரில் சட்டம் போட்டு, 2008 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நமக்கு இன்னொரு முடிவு முக்கியம். 1997இல் நெதர்லாந்தின் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகத்தான் பகல் விளக்கின் பலன் கூடுகிறது என்று தெரிந்தது.

அப்படியானால் பத்துப் பாகை அட்சரேகையில், மே மாத வெயிலில் தார் உருகும் புதுக்கோட்டையில் இதற்கு என்ன வேலை? "சூரியனுக்கு டார்ச் அடிக்கிறானுங்க" என்று 2017இல் கேலி பேசியவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

கண்ணுக்கு எட்டாத பைக்

வடநாடுகளின் சண்டையெல்லாம் காரைப் பற்றியது. பைக்கின் கதை வேறு. 1981இல் ஹாரி ஹர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். பைக்கும் வேறு வாகனமும் மோதிக்கொண்ட விபத்துகளில் பெரும்பாலானவை, அந்த வேறு வாகனம் பைக்கின் வழியில் குறுக்கே வந்ததால் நடந்தவை. ஓட்டியவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: பைக் வந்ததையே பார்க்கவில்லை. பகலில் விளக்கெரித்து ஓட்டியவர்கள் இப்படி அடிபடுவது குறைவு என்றும் அறிக்கை கண்டது.

இது சால்ஜாப்பு மட்டும் இல்லை. திருமயம் பக்கம் இருவழிச் சாலையில் ஒரு பஸ், முன்னால் போகும் லாரியை முந்த நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தி முடிக்கப் பத்து நொடி ஆகும். பஸ் மணிக்கு 80 கிலோமீட்டர், எதிரே வரும் பைக் 60. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் நொடிக்கு 39 மீட்டர். ஆக, 400 மீட்டர் தொலைவில் வரும் பைக்கை டிரைவர் இப்போதே பார்த்தாக வேண்டும். முக்கால் மீட்டர் அகலமுள்ள பைக், அந்தத் தொலைவில் முழு நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தெரியும். நேரே வருகிற பொருள் பக்கவாட்டில் நகர்வதில்லை, ஆகவே கண்ணை இழுக்காது. கிட்டே வரும்வரை அதன் உருவமும் பெரிதாகாது. போதாக்குறைக்கு நம் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சாலையோரப் புளியமரம் போடும் நிழல் உச்சி வெயிலில் கறுப்பாகவே இருக்கும். வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு, அந்த நிழலுக்குள் வரும் கறுப்பு பைக் வெறும் நிழல்தான். அங்கே ஒரு விளக்கு எரிந்தால் கண் அதில் போய் நிற்கும். பாதையைக் காட்ட அல்ல, ஒரு புள்ளியாக மட்டும்.

நம்மைப் போன்ற வெயில் நாட்டில் இது பலிக்குமா என்பதற்கான பதில் மலேசியாவிலிருந்து வந்தது. அந்நாட்டில் 1992இல் முதலில் பிரச்சாரம் நடந்தது. செப்டம்பரில் சட்டம் வந்தது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும், மற்ற வாகனங்களுக்கு இல்லை. ராடின் உமர் என்ற மலேசிய ஆய்வாளரும் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும் செரம்பான், ஷா ஆலம் என்ற இரண்டு ஊர்களின் விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். நோன்புக் காலத்தில் போக்குவரத்து மாறுவதையும், பெருநாளுக்குச் சொந்த ஊர் போகிற நெரிசலையும்கூடக் கணக்கில் கழித்தார்கள். நம்மூர் தீபாவளி நெரிசல் மாதிரிதான் அது. கண்ணுக்குத் தெரியாமல் போவதால் நடக்கும் பைக் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தன. சிங்கப்பூர் 1995 நவம்பரில் இதே சட்டத்தைக் கொண்டுவந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. பகலில் விளக்கெரித்து ஓட்டியவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு என்றது.

அறந்தாங்கி, ஆலங்குடி பக்கத்துப் பல வீடுகளில் யாராவது ஒருவர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்திருப்பார். 25 வருடம் கழித்து இங்கே வரப்போகிற சட்டத்துக்கு அவர்கள் அங்கேயே பழகியிருந்தார்கள்.

அதே 1992இல் புதுக்கோட்டை

மலேசியாவில் பைக்குகள் பகலில் விளக்கேற்றிய அதே 1992இல் புதுக்கோட்டைச் சாலைகளிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிகள், பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கியவர்கள் உண்டு. பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு இது உலகம் முழுக்கத் தெரிந்தது. 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், ஆண் துணைக்குக் காத்திருந்தவர்கள், தாங்களே சாலைக்கு வந்தார்கள். அது ஒரு பெரிய விடுதலை. கூடவே இன்னொன்றும் நடந்தது. அதுவரை பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் இப்போது பஸ்ஸுக்கு எதிரே, தார்ச் சாலையின் ஓரத்து மண்ணில் இருந்தார்கள்.

சைக்கிளுக்குப் பிறகு மொபெட். ஒசூரிலிருந்து 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 ஏற்கெனவே பால்காரர்களுக்கும் காய்கறி வியாபாரிகளுக்கும் கழுதையாக உழைத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஸ்கூட்டி வந்தது. 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்த தமிழக அரசின் அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியம் தந்தது. வருடத்துக்கு ஒரு லட்சம் பெண்களுக்கு என்பது இலக்கு. 1992இல் சைக்கிள் கற்றவரின் மகள் 2018இல் மானியத்தில் எடுத்த ஸ்கூட்டர், பகலில் விளக்கெரியும் ஸ்கூட்டர். அம்மாவின் சைக்கிளில் டைனமோ இருந்திருந்தால் அதுவே பெரிது.

போலீஸ் தேவைப்படாத சட்டம்

2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் பிரிவு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நீதிமன்றம் ஆணையிட, போலீஸ் மறிக்க, ஜனங்கள் சந்து வழியே திரும்பிப்போக, இன்றுவரை அது ஓர் இழுபறி. விளக்குச் சட்டத்தில் அந்த இழுபறியே இல்லை. அது போலீஸ்காரரிடம் கொடுக்கப்படவில்லை, வண்டியின் ஒயரிங்கில் எழுதப்பட்டது. கீழ்ப்படிய வேண்டும் என்றே யாரும் நினைக்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினால் சட்டம் எரியும்.

நம்மாட்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மெக்கானிக் கடைகளில் சின்னச் சுவிட்ச் ஒன்றை வைத்து, ஒயரை அறுத்து நடுவில் சேர்த்தார்கள். பல்பு சீக்கிரம் போகிறது, மைலேஜ் குறைகிறது என்று காரணங்கள். பகலில் எரிய இழுக்கும் கரண்டுக்குக் கொஞ்சம் பெட்ரோல் செலவாவது உண்மைதான். எல்.இ.டி. விளக்கு வந்தபிறகு அதுவும் பெரிய விஷயமில்லை.

இத்தனைக்குப் பிறகும் கணக்கு என்ன சொல்கிறது? 2016இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,50,785 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 2022இல் இறந்த 1,68,491 பேரில் அவர்கள் 44.5 சதவீதம். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. இதைக் காட்டி விளக்கு வீண் என்று சொல்ல முடியாது. இடையில் வண்டிகளின் எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது. எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் படுவது ஒன்றைத்தான் விளக்கு செய்யும். குடித்துவிட்டு ஓட்டுவதையோ, மூன்று பேர் போவதையோ, தலையில் ஒன்றும் இல்லாமல் விழுவதையோ, பின்னாலிருந்து லாரி இடிப்பதையோ அது தடுக்காது.

விளக்கில்லாதவர்கள்

ஐரோப்பாவில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார்களிலும் பகல் விளக்கு கட்டாயமானபோது, அதை எதிர்த்தவர்களில் மோட்டார் சைக்கிள் சங்கங்களும் சைக்கிள் சங்கங்களும் இருந்தன. எல்லாரும் விளக்கெரித்தால் எங்கள் விளக்கு யார் கண்ணில் படும் என்றார்கள் பைக்காரர்கள். விளக்கே இல்லாத எங்கள் கதி என்ன என்றார்கள் சைக்கிள்காரர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஓட்டுகிறவரின் கண் விளக்குகளைத் தேடிப் பழகிவிட்டால், விளக்கில்லாத உருவத்தை இன்னும் சுலபமாகத் தாண்டிப்போகும்.

மலேசியாவைப் போல இந்தியாவும் இருசக்கர வாகனத்துக்கு மட்டும் சட்டம் போட்டது அந்த வகையில் புத்திசாலித்தனம். சின்ன வண்டிக்கு மட்டும் ஓர் அடையாளம் கிடைத்தது. ஆனால் இப்போது கார் கம்பெனிகள் அழகுக்காகவே பகல் விளக்குகளை வைத்து விற்கின்றன. விராலிமலை வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் மதியம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எரியாத முகங்களைத்தான் எண்ண வேண்டியிருக்கும். சட்டம் தந்த தனி அடையாளத்தைச் சந்தை மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2022இல் சாலையில் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். சைக்கிளில் போனவர்கள் சுமார் 3 சதவீதம். அவர்களுக்கு எந்தக் கம்பெனியும் விளக்குப் பொருத்தித் தராது. கந்தர்வகோட்டைச் சாலையோரம் ஆடு ஓட்டிப் போகிறவரும், மணமேல்குடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து மீன் கூடையோடு போகிறவரும், அரசு கொடுத்த சைக்கிளில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்துப் பொழுது சாய வீடு திரும்பும் பிளஸ் ஒன் மாணவியும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும் பொறுப்பைச் சின்ன வண்டியின் மேல் வைத்தது இந்தச் சட்டம். உயிர் தப்ப அது உதவுகிறது, அதனால் அது இருக்கட்டும். 'நீ அங்கே இருப்பதைப் பார்த்தேன்' என்று சொல்லும் பொறுப்பு பெரிய வண்டிக்காரருடையது. அதை ஒயரிங்கில் எழுத முடியாது. முந்துகிற இடத்தில் முந்தாமல் இருப்பது, ஊருக்குள் வேகத்தைக் குறைப்பது, சாலையோரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் ஓரடி இடம் விடுவது என்று அது பழக்கத்திலும் சாலை போடுகிறவர்களின் வரைபடத்திலும்தான் எழுதப்பட வேண்டும். 1992இல் புதுக்கோட்டைப் பெண்கள் சாலைக்கு வந்தது இருபக்கமும் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற, தங்களுக்கென்று ஓர் ஓரம்கூட இல்லாத சாலைக்குத்தான். அந்த ஓரத்தைப் போட்டுக்கொடுக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.